ஏற்கெனவே துளையுள்ள பொருளில் துளையிடுதல்

எங்கள் கல்லூரியில் கம்ப்யூட்டர் சொன்ன இடத்தில் துளை போடும் இயந்திரம் ஒன்று இருந்தது. அதைச் செருப்போடு போய்ப் பார்க்க முடியாது. கண்ணாடி அறை, ஏசி, வாசலில் செருப்பு வைக்க ஓர் அலமாரி, உள்ளே போகிறவர் பெயரும் நேரமும் நோக்கமும் எழுத ஒரு தடித்த நோட்டு. "வந்த நோக்கம்" என்ற கட்டத்தில் நாலு வருடமாக எல்லோரும் "பார்க்க" என்றே எழுதியிருந்தார்கள். ஒரே ஒருவர் "ஏசி" என்று எழுதியிருந்தார். நேர்மையான மனிதர்.

நாலு வருடத்தில் அந்த இயந்திரம் மொத்தம் பதினோரு துளை போட்டிருந்தது. பதினொன்றும் கண்ணாடிச் சட்டத்துக்குள் சுவரில் தொங்கின. பெரிய மனிதர் யாராவது வந்தால், இரண்டு பக்கமும் ஒட்டும் டேப் போட்டு ஒரு மரப்பலகையை இயந்திரத்தின் மேசையில் ஒட்டிவைப்பார்கள். அவர் பச்சைப் பொத்தானை அழுத்துவார், பலகையில் ஓட்டை விழும், கைதட்டல் எழும். பிறகு அந்தப் பலகைக்குச் சட்டம் போட்டு, "இத்துளை இன்னாரால் இடப்பட்டது" என்று பித்தளைத் தகட்டில் பொறித்து மாட்டிவிடுவார்கள். ஒருமுறை டேப் விட்டுப்போய், பலகை சுழன்று, ஓட்டை ஓரத்தைக் கிழித்துக்கொண்டு போனது. அதையும் மாட்டியிருந்தார்கள். தகட்டில் மட்டும் "புதிய கோணத்தில்" என்று இரண்டு சொல் கூடுதலாக இருந்தது.

நான் அங்கே இயந்திரவியல் கடைசி வருடம் படித்தேன். என் அக்காவும் ஒரு பட்டறையில் அதே மாதிரி இயந்திரத்தில்தான் வேலை செய்தாள். அவள் இயந்திரத்துக்கு ஏசி கிடையாது. யாரோ ஓட்டித் தேய்த்துக் கைமாற்றியது. முன்பக்கத் தடுப்புக் கதவைக் கழற்றி எங்கேயோ போட்டிருந்தார்கள், வேலை சீக்கிரம் ஆகவேண்டும் என்று. ஒரு நாளைக்கு இருநூறு துளை. தண்ணீர் பம்புக்குப் போகும் வளைந்த வார்ப்பு அது, முழங்கை மடங்கினாற்போல இருக்கும். தட்டையான முகமே கிடையாது என்பதால் இறுக்கிப் பிடிக்கும் சாதாரண வைஸில் நிற்காது. அடியில் ஒரு மரக்கட்டையைச் செருகி, இடது கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, வலது கையால் பொத்தானை அழுத்துவாள். கம்ப்யூட்டருக்குத் துளை எங்கே என்று தெரியும். விரல் எங்கே என்று தெரியாது.

ஒருநாள் அவள் கட்டைவிரல் நகம் பெயர்ந்து வந்தாள். பக்கத்து இயந்திரத்துக்காரிக்கு ஒரு விரல் ஏற்கெனவே போயிருந்தது.

"நீதான் இன்ஜினியருக்குப் படிக்கிறியே, அதைப் பிடிக்கிறதுக்கு ஏதாவது செஞ்சு குடேன்டா" என்றாள், நகத்தில் துணியைச் சுற்றிக்கொண்டே. என் படிப்புக்குக் கட்டியதே அந்தக் கையின் உழைப்பு. எனக்கு அப்போதே முடிவாகிவிட்டது. கடைசி வருடப் புராஜெக்ட் அதுதான்.

நாங்கள் மூன்று பேர் சேர்ந்தோம். நட்டு என்பவன் சட்டைப்பையில் எப்போதும் நாலு நட்டும் இரண்டு போல்ட்டும் குலுங்க நடப்பவன். மில்லி என்பவளுக்கு முழுப்பெயர் மில்லிமீட்டர், தட்டில் விழுந்த சோற்றையும் அளந்துதான் சாப்பிடுவாள் என்று விடுதியில் பேச்சு. பெயர் வைத்தவன் நட்டு.

முதல் வேலை, தலைப்புக்கு அனுமதி வாங்குவது. "வளைந்த வார்ப்புகளைப் பிடிக்கும் ஃபிக்சர்" என்று ஒரு தாளில் எழுதித் துறைத்தலைவரிடம் நீட்டினோம். அவர் தாளைத் தூரத்தில் வைத்துப் பார்த்தார், கிட்டத்தில் வைத்துப் பார்த்தார்.

"பிடிக்கும்னு போட்டிருக்கீங்க. என்ன பிடிக்கிறது? மீனா?"

"துளை போடும்போது வார்ப்பு ஆடாம பிடிக்கிறது சார்" என்றேன்.

"அது எனக்குப் புரியுதுப்பா. தரக்குழுவுக்குப் புரியக்கூடாது. புரிஞ்சா இவ்வளவுதானான்னு கேப்பாங்க."

பேனாவை எடுத்து அவரே எழுதினார். "அடுத்த தலைமுறைத் தொழிற்சூழலுக்கான அறிவார்ந்த, தகவமைவுத் திறன்கொண்ட, பல்பரிமாண நிலைநிறுத்தல் கட்டமைப்பின் கருத்தியல், வடிவமைப்பு மற்றும் சரிபார்ப்பு." அதில் துளையும் இல்லை, பிடிப்பும் இல்லை.

நட்டுவுக்கு வாய் சும்மா இருக்காது. "சார், இதுல அறிவார்ந்தன்னு எதுவுமே இல்லையே. ரெண்டு இரும்புக் கட்டை, ஒரு கைப்பிடி, அவ்வளவுதான்."

"உனக்கு அறிவு இருக்கா?"

"இருக்கு சார்."

"நீதானே செய்யப்போறே? அப்போ அறிவார்ந்ததுதான்" என்று கையெழுத்துப் போட்டார். நட்டு ஒரு வாரம் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தான்.

முதல் மாதிரியை அட்டையில் செய்தோம். இரண்டாவதை மரத்தில் செய்தோம். மரத்தில் செய்தது வார்ப்பை அப்படியே கவ்விக்கொண்டது. கவ்வியதை விடவில்லை. சுத்தியலால் தட்டியும் வெளியே வராததால், அப்படியே தூக்கிக்கொண்டு மதிப்பீட்டுக்குப் போனோம். மதிப்பீட்டாளர் இழுத்துப் பார்த்தார், மேசையில் காலை ஊன்றி இழுத்துப் பார்த்தார், மூச்சு வாங்க உட்கார்ந்து இருபதுக்கு இருபது போட்டார். பிறகு இரும்பில் செய்த முதல் மாதிரியில், டிரில் பிட் இறங்க வேண்டிய இடத்தில் மிகச்சரியாகக் கிளாம்பின் கை வந்து நின்றது. அதற்கும் இருபதுக்கு இருபது. மில்லி அன்றைக்கு அழுதாள். "தப்பு பண்ணாக்கூட கண்டுபிடிக்க மாட்டேங்கறாங்களேடா" என்றாள்.

மூன்றாவது இரும்பு மாதிரிதான் உருப்பட்டது. வார்ப்பின் வளைவு உட்காருவதற்கு 'வி' வடிவத்தில் இரண்டு இருக்கை, பக்கவாட்டில் இருந்து வந்து அமுக்கும் ஒரு கை, அதைப் பூட்ட ஒரு நெம்புகோல். வார்ப்பை வைத்து நெம்புகோலைச் சாய்த்தால் டக்கென்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. நட்டு அந்த வார்ப்பைப் பிடித்துத் தொங்கியே பார்த்தான். அசையவில்லை.

"தொங்கிப் பாத்தா போதாது" என்றாள் மில்லி. "பிட் மேல இருந்து அமுக்குற வரைக்கும் எல்லாம் அடங்கித்தான் இருக்கும். அடியில ஓட்டை திறந்துக்குற அந்த ஒரு நொடி இருக்கே, அப்போ பிட் வார்ப்பைக் கவ்வித் திருகித் தூக்கும். உங்க அக்கா நகம் போனதும் அந்த நொடியிலதான். அப்போ நிக்குதான்னு தெரியணும்."

கை டிரில்லில் போட்டுப் பார்த்தோம். அதில் பிட் கவ்வினால் நம் கை தளர்ந்துவிடும், டிரில்லும் தளர்ந்துவிடும். இயந்திரம் தளராது. ஆகவே இயந்திரத்தில்தான் பார்த்தாக வேண்டும். அக்காவின் முதலாளியிடம் கேட்டால், "காலேஜ் பேப்பர் இல்லாம என் மிஷின்ல ஒரு ஆணிகூட ஏறாது" என்று சொல்லிவிட்டார். மிச்சம் இருந்தது கண்ணாடி அறைதான்.

டிரில் பிட், ஸ்டோர்காரரின் பூட்டிய பீரோவில், எண்ணெய்த் தாள் சுற்றி, பெட்டிக்குள் பெட்டியாக இருந்தது. நல்ல மனிதர். எல்லோரையும் தம்பி, தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். எங்கள் முன்னாலேயே பிட்டின் நீளத்தை அளந்து, எடை போட்டு, நுனியை விரலால் தடவிப் பார்த்து நோட்டில் குறித்தார்.

"திருப்பிக் குடுக்கும்போது இதே அளவு, இதே எடை, இதே கூர்மை இருக்கணும் தம்பி. இது நிலைச் சொத்து. மேசை நாற்காலி மாதிரி."

"துளை போட்டா தேயுமே அண்ணே."

"அப்போ போடாதீங்க" என்றார், ரொம்பப் பிரியமாக.

நாங்களே வெளியில் ஒரு பிட் வாங்கிவருகிறோம் என்றால், வெளிப்பொருள் இயந்திரத்துக்குள் போகக் கூடாதாம். அது போகட்டும், சுவரில் ஒட்டியிருந்த விதிகளில் பதினாலாவதையும் அவர் படித்துக் காட்டினார். சோதித்துச் சான்று பெற்ற ஃபிக்சரை மட்டுமே இயந்திரத்தில் ஏற்றலாம். பதினைந்தாவது விதிப்படி, இயந்திரத்தில் ஏற்றிச் சோதித்த ஃபிக்சருக்கு மட்டுமே சான்று தரலாம். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்பார்கள். அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டி நான் பார்த்தது அங்கேதான்.

இரண்டு மாதம் ஒவ்வொரு மேசையாக அலைந்தோம். அந்த இரண்டு மாதமும் அக்கா தினமும் இருநூறு முறை கையை உள்ளே வைத்து எடுத்தாள். சாயங்காலம் அவள் வந்ததும் நான் முதலில் முகத்தைப் பார்க்க மாட்டேன், கையைத்தான் பார்ப்பேன். பத்தும் இருக்கிறதா என்று எண்ணிவிட்டுத்தான் வாக்கா என்பேன்.

அப்போது, கல்லூரிக்குத் தரம் போடும் அந்தத் தரக்குழு வருகிறது என்று தகவல் வந்தது. கல்லூரிக்கே கல்யாணக் களை வந்துவிட்டது. நூலகப் புத்தகங்களைத் துடைத்தார்கள். சிலவற்றை முதல்முறையாகத் திறந்தும் பார்த்தார்கள். குழு கேட்டிருந்த பட்டியலில் "மாணவர்களின் நேரடிச் செயல்விளக்கம்" என்று ஒரு வரி இருந்ததாம். துறைத்தலைவர் எங்களைக் கூப்பிட்டனுப்பினார்.

"உங்க ஃபிக்சர்தான் ஹீரோ. தற்காலிக அனுமதி போட்டாச்சு. இயந்திரத்துல ஏத்துறோம், கமிட்டி முன்னாடி துளை போடுறோம்."

எனக்குக் காதில் தேன் வந்து பாய்ந்தது. மூன்று பேரும் சேர்ந்தாற்போலச் சிரித்தோம்.

"ஆனா ஒண்ணு" என்றார். நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். முக்கியமானதைச் சொல்லும்போது அவர் அப்படித்தான் செய்வார். "இருபத்தாறு வருஷ அனுபவத்துல சொல்றேன். துளை போடுறதுங்கறது ரிஸ்க். பிட் உடையலாம், பொருள் நகரலாம், சத்தம் வரலாம். இதெல்லாம் எப்போ வருது? துளை இல்லாத இடத்துல துளை போடும்போது வருது. ஏற்கெனவே துளை இருக்கிற இடத்துல துளை போட்டா?" கண்ணைத் திறந்தார். "ஒரு பிரச்சினையும் இல்ல பாத்தீங்களா."

எனக்குப் புரிய நேரம் ஆனது. மில்லிதான் கேட்டாள். "சார், அப்போ பிட் எதையுமே வெட்டாதே."

"அதுதானேம்மா சாதனை!"

வெளியில் ஒரு வெல்டிங் பட்டறையில் கனமான வைஸில் இறுக்கி, வார்ப்பில் பிட்டைவிடக் கொஞ்சம் பெரிய ஓட்டையாகப் போட்டு வாங்கிவரச் சொன்னார். வாங்கிவந்தோம். ஓட்டை வெளியே தெரியாமல் இருக்க அதன்மேல் சாம்பல் நிறத்தில் ஒரு தாள் ஒட்டச் சொன்னார். ஒட்டினோம். ஏன் ஒட்டினோம் என்று இன்றைக்குக் கேட்டால் இதைத்தான் சொல்ல முடியும். ஒட்டச் சொன்னார், ஒட்டினோம்.

செயல்விளக்கத்துக்கு முந்தைய நாள் சோதனை அறிக்கையில் கையெழுத்து கேட்டார். நாளைக்கு நடக்கப்போகும் சோதனையின் முடிவு அதில் ஏற்கெனவே தட்டச்சாகி இருந்தது. "சோதித்தவர்கள்" என்பதற்கு நேராக மூன்று கோடு. நான் பேனாவைப் பிடித்தபடி நின்றேன்.

"போடலைன்னா தப்பில்ல" என்றார் துறைத்தலைவர், தகப்பனைப் போல. "புராஜெக்ட் ரீ-டூ ஆகும். அடுத்த வருஷம் இதே மாசம் வாங்க, நிதானமா பாத்துக்கலாம்."

அடுத்த வருடம் இதே மாதம் என்றால் அக்காவுக்கு இன்னும் ஒரு வருடம். ஒரு நாளைக்கு இருநூறு. ஃபிக்சர் நன்றாகத்தானே இருக்கிறது, பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தப் "பெரும்பாலும்" என்ற சொல்லைப் போட்டுத்தான் கையெழுத்தையும் போட்டேன். மற்ற இருவரும் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போட்டார்கள்.

மறுநாள் குழுவினர் மூன்று பேர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள். தலைவர் பச்சைப் பொத்தானை அழுத்தினார். பிட் இறங்கியது, தாளைக் கிழித்தது, ஓட்டைக்குள் போய்வந்தது. ஏசி சத்தம்தான் பெரிதாகக் கேட்டது.

"இரும்புத்துகளே காணோமே?" என்றார் தலைவர்.

"துகளில்லாத் துளையிடல் சார்" என்றார் துறைத்தலைவர். தலைவர் "சுற்றுச்சூழலுக்கு உகந்தது" என்று குறித்துக்கொண்டார்.

இரண்டாவது உறுப்பினர் வார்ப்பின்மேல் உள்ளங்கையை வைத்து, "கொஞ்சம்கூடச் சூடு இல்லையே! என் சர்வீஸ்ல இப்படிப் பாத்ததே இல்ல" என்றார். அதில் பொய்யே இல்லை, பார்த்திருக்க மாட்டார். மூன்றாமவர் கொஞ்சம் விவரமானவர். மில்லியிடம் குனிந்து, "பொருள் எவ்வளவு நகர்ந்துச்சும்மா?" என்று கேட்டார்.

மில்லி அளவுமானியைப் பார்த்து, "பூஜ்யம் சார்" என்றாள்.

மூன்று பேரும் கைதட்டினார்கள். அந்த வார்ப்பைப் பன்னிரண்டாவதாகச் சுவரில் மாட்டினார்கள். ஸ்டோர்காரர் பிட்டை அளந்து, எடை போட்டு, தடவிப் பார்த்து, "தேய்மானம் இல்லை" என்று நோட்டில் எழுதும்போது அவர் கண் கலங்கியது. "புள்ளைங்கன்னா இப்படி இருக்கணும்" என்றார். மில்லி மட்டும் வெளியே வந்ததும் சுவரில் சாய்ந்து நின்றுவிட்டாள். "உண்மையைச் சொல்லிப் பொய் சொல்ல முடியும்னு இன்னிக்குத்தான்டா தெரிஞ்சுது."

சான்றிதழ் அக்காவின் முதலாளிக்குப் போனது. "தொழில்துறை இணைப்பு" என்ற தலைப்பின் கீழ் படம் எடுக்க ஓர் ஆள் தேவைப்பட்டது, அதற்கு அவரையே அழைத்து, மேடையில் நிற்கவைத்து, ஃபிக்சரைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். நான் துறைத்தலைவரின் பின்னாலேயே ஓடினேன்.

"சார், அங்க போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு துளை நிஜமா போட்டுப் பாத்துடலாம் சார்."

"பாஸான பொருளை மறுபடி சோதிக்க விதி இல்லப்பா. தோல்வி அடைஞ்சாத்தான் மறுசோதனை. அதுக்குப் பயன்படுத்துறவங்க தோல்விப் படிவம் பூர்த்தி பண்ணிக் குடுக்கணும். முதல்ல தோல்வி அடையட்டும், அப்புறம் பாப்போம்."

நேராக முதலாளியிடம் போனேன். சான்றிதழை அவர் அக்காவின் இயந்திரத்துக்கு மேலேயே மாட்டிக்கொண்டிருந்தார். ஏணியில் நின்றபடி நான் சொன்னதையெல்லாம் கேட்டார்.

"நீ இன்ஜினியரா?"

"இன்னும் இல்ல சார். பட்டம் வரணும்."

"இதுல கையெழுத்து போட்டிருக்கிறவங்க?"

"இன்ஜினியர்ஸ்தான் சார். கீழ எங்க கையெழுத்தும் இருக்கு."

"உன் கையெழுத்தையே நீ நம்பலைன்னா நான் என்ன தம்பி பண்றது? ஏணியைக் கொஞ்சம் பிடி" என்றார். பிடித்தேன்.

இதில் நான் எதிர்பார்க்காத இன்னொன்றும் நடந்தது. இதுவரை கையால் பிடித்த வேலை என்பதால் முதலாளி இயந்திரத்தை மெதுவாக ஓட்டவிட்டிருந்தார். இப்போது சான்றிதழ் வந்துவிட்டதால் வேகத்தை இரண்டு மடங்காக்கிவிட்டார். இருநூறு துளை நானூறானது.

"வேகத்தைக் குறைச்சு ஓட்டுக்கா" என்றேன் வீட்டில்.

"வேகம் என் கையில இல்லடா. பாஸ்வேர்டு முதலாளிகிட்ட இருக்கு."

"அப்போ ரெண்டு நாள் லீவு போடு."

"ரெண்டு நாள் கழிச்சு?" என்று கேட்டாள். நான் பயந்திருப்பதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு. "டேய், இத்தனை நாளா மரக்கட்டையைச் செருகி ஓட்டினேன். இப்போ இரும்பு இருக்கு. அதுவும் என் தம்பி செஞ்ச இரும்பு. நெம்புகோல் சாயும்போது டக்குனு ஒரு சத்தம் வருது பாரு, அதைக் கேட்டாலே தைரியமா இருக்குடா."

தாள் ஒட்டியதை அவளிடம் சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. அவளுக்கு முன்னால் சின்னவனாகிவிடுவேனே என்ற வெட்கம். அந்த வெட்கத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

மூன்று நாள் ஒன்றும் ஆகவில்லை. நாலாம் நாள் மதியம், கீழ்ப்பக்கம் ஓட்டை திறந்த அந்த நொடியில் பிட் வார்ப்பைக் கவ்வித் திருகியது. நெம்புகோல் எகிறித் திறந்துகொண்டது. நெம்புகோலைத் திரும்ப அமுக்க அக்கா இடது கையை நீட்டினாள். போனது ஆட்காட்டி விரலும் நடுவிரலும்.

பூட்டு வலுவாக இல்லை. இன்னும் ஒரு போல்ட் போட்டு இறுக்கியிருந்தால் நின்றிருக்கும். ஒரே ஒரு துளை நிஜமாகப் போட்டுப் பார்த்திருந்தால் எங்களுக்கே அது தெரிந்திருக்கும். நட்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் சட்டைப்பையில் இருந்த போல்ட்டுகளை எடுத்து ஒவ்வொன்றாகக் குப்பைத்தொட்டியில் போட்டான். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. யார்மேல் என்று தெரியாமல் அலைந்து, கடைசியில் என்மேலேயே வந்து உட்கார்ந்துகொண்டது.

அந்தக் கோபத்தோடுதான் தோல்விப் படிவத்தை வாங்கப் போனேன். நாலு பக்கம் இருந்தது. மில்லியின் கையெழுத்துத்தான் எங்களில் நன்றாக இருக்கும், அவளே எழுதினாள். பொருளின் பெயர், சான்றிதழ் எண், தேதி என்று வரிசையாக எழுதிக்கொண்டே வந்தவள் மூன்றாம் பக்கத்தில் நின்றாள். "தோல்வியின் அளவு (மில்லிமீட்டரில்)" என்று ஒரு கட்டம்.

"இதை நான் அளக்க மாட்டேன்" என்று பேனாவை மூடிவிட்டாள். காலியாக விட்டுக் கொடுத்தோம். கட்டம் காலியாக இருக்கிறது என்று படிவம் திரும்பி வந்தது. நான் "இரண்டு விரல்" என்று எழுதிக் கொடுத்தேன். அதை ஏற்றுக்கொண்டார்கள்.

விசாரணைக் குழு அமைந்தது. துறைத்தலைவரே தலைவர். ஃபிக்சரை அக்காவின் பட்டறையிலிருந்து வரவழைத்து, துடைத்து, கண்ணாடி அறையில் ஏற்றினார்கள். சுவரில் மாட்டியிருந்த பன்னிரண்டாவது வார்ப்பைக் கழற்றி அதில் வைத்து, அதே ஓட்டையில் பத்து முறை பிட்டை இறக்கி ஏற்றினார்கள். பத்து முறையும் நகர்வு பூஜ்யம். ஆகவே ஃபிக்சரில் குறை இல்லை என்று முடிவானது.

"அப்புறம் எப்படி சார் எகிறுச்சு?" என்று கத்திவிட்டேன்.

துறைத்தலைவர் கோபப்படவில்லை. எழுந்து வந்து என் தோளில் கை போட்டார். அவர் குரல் நிஜமாகவே தழுதழுத்தது. "எனக்கும் அக்கா இருக்காங்கப்பா. நான் உன் பக்கம்தான். ராத்திரி பகலா நானே உக்காந்து யோசிச்சேன். சோதனையிலயும் அதே ஃபிக்சர், அங்கேயும் அதே ஃபிக்சர். அதே பிட் அளவு. அதே வார்ப்பு. அப்போ என்னதான் வித்தியாசம்? கண்டுபிடிச்சிட்டேன். நாம வெச்ச வார்ப்புல துளை இருந்துச்சு. உங்க அக்கா வெச்ச வார்ப்புல துளை இல்ல."

அறிக்கையிலும் அப்படியே வந்தது. "மேற்படி கட்டமைப்பு, ஏற்கெனவே துளையுள்ள பொருள்களில் துளையிடுவதற்கென்றே சோதித்துச் சான்றளிக்கப்பட்டது. பயனர், சான்றின் நிபந்தனையை மீறி, துளையற்ற பொருளைப் பொருத்தியதால் விபத்து நேர்ந்தது." அடியில் "பயனரின் ஒப்புதல் கையொப்பம்" என்று ஒரு கோடு. அதில் கையெழுத்து வந்தால் விசாரணை முடியும். விசாரணை முடியும் வரை எங்கள் மூன்று பேரின் பட்டமும் நிறுத்திவைக்கப்படும். ஆண்டறிக்கையின் அச்சுப்படியை மேசையில் பார்த்தேன். "தொழிற்கூடத்தில் பயன்பாட்டுக்கு வந்த மாணவர் கண்டுபிடிப்புகள்: ஒன்று" என்று இருந்தது.

அந்த அறிக்கையை அக்காவிடம் காட்டக் கூடாது என்றுதான் பையில் வைத்திருந்தேன். நட்டுவின் அம்மா போன் பண்ணி, பட்டம் எப்போது வரும் என்று அவளிடமே கேட்டுவிட்டார். அக்கா என் பையைத் திறந்து எடுத்துவிட்டாள்.

சாப்பாட்டு மேசையில் வைத்து, வரிக்கு வரி நிறுத்தி இரண்டு முறை படித்தாள். இடது கை கட்டோடு மடியில் கிடந்தது.

"அப்போ ஓட்டை இருக்கிறதைத்தான் வெக்கணுமாடா?" என்று கேட்டாள். கிண்டல் எதுவும் இல்லை. படித்தவர்கள் எழுதியது, அதில் ஏதோ இருக்கும் என்று நிஜமாகவே நினைத்துக் கேட்டாள்.

"இல்லக்கா. இது பொய். நாங்க துளையே போடல. ஓட்டை மேல தாளை ஒட்டி ஏமாத்தினோம். நானும்தான். உன்கிட்ட சொல்லாம விட்டுட்டேன். நீ இதுல கையெழுத்து போடாதே."

அவள் என்னையே பார்த்தாள். திட்டுவாள் என்று நின்றேன். அறைந்தால்கூட நன்றாக இருக்கும் என்று இருந்தது.

"போடலைன்னா விரல் வருமா?" என்றாள்.

நான் அவள் மடியில் கிடந்த கட்டைப் பார்த்தேன்.

"போடலைன்னா மூணு புள்ளைங்க படிப்பும் போகும். அவ்வளவுதானே? பேனாவைக் குடு."

"அக்கா, வேண்டாம்க்கா..."

"குடுடா."

கொடுத்தேன். வலது கையால் பேனாவைப் பிடித்து, கோட்டின்மேல் வைத்து எழுதத் தொடங்கினாள். முதல் எழுத்திலேயே தாள் நழுவியது. இடது கை தன் பழக்கத்தில் தாளை அமுக்க மேலே வந்தது, கட்டு மேசையில் பட்டதும் முகத்தைச் சுளித்துக்கொண்டு கீழே போனது. மறுபடி முயன்றாள், மறுபடி நழுவியது.

"ஆடுதுடா" என்றாள். "கொஞ்சம் பிடிச்சுக்கோ."

இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அவள் முழுப்பெயரையும் எழுதி முடிக்கும்வரை தாள் அசையவே இல்லை.